அம்பு துள்ளிய பன்னிரண்டு மாலைகள்

கடைச் சாவியை மருமகனிடம் கொடுத்து நாலு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. அதற்கு முன் ஹட்டன் பஜாரில் முப்பத்தொரு வருடம் ரேடியோ, டிவி, டெக், கடைசியில் வீடியோ கேம் என்று வந்ததையெல்லாம் திருத்தினேன். இந்தப் பக்கத்தில் புதிதாகக் கடை போட்டிருக்கும் நீங்கள் சிலர், அனுபவங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். உடனே என் வேலைக் குறிப்புப் புத்தகங்களை எடுத்து எண்ணினேன். இருபத்திரண்டு இருந்தன. இருபத்துமூன்று இருக்க வேண்டும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்து, ஆடுகிற காலுக்கு அண்டை கொடுத்திருந்த புத்தகத்தை உருவிக் கொடுத்தாள். ஆறு வருடமாக அது அங்கேதான் இருந்ததாம். நான் நாளுக்கு மூன்று தடவை அதன் மேல் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது மேசை ஆடுகிறது. போகட்டும். நான் சொல்ல நினைத்த கதை அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது.

ஈயம் பற்றவைப்பதைப் பற்றியோ சர்க்யூட் பார்ப்பதைப் பற்றியோ உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அரிசி அளவுள்ள உறுப்புகளைக் கழற்றிப் போடுகிறீர்கள். எனக்கு அவை கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் வாடிக்கையாளர் எதிரே நின்று, “இதை யார் உடைச்சது?” என்று கேட்பார். அந்த நேரத்தில் வாயை என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஒரு தடவை நான் அந்த வாயைத் திறந்ததில் ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில். பொத்தானை அழுத்தி விளையாடுகிற காலம் போய், கையை வீசி விளையாடுகிற காலம் வந்திருந்தது. வெள்ளை நிறத்தில், சோப்புப் பெட்டியை நீட்டிவிட்டது போல ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து டென்னிஸ் மட்டையைப் போல வீசினால் திரையில் இருக்கிற ஆளும் வீசுவான். வெளிநாட்டில் உறவுக்காரர் இருக்கிறவர்கள் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஹோட்டல்கள் சிலவும் வாங்கிவைத்தன. அந்த சீசனில் மட்டும் திரை உடைந்த டிவி ஆறு என்னிடம் வந்தது. ஆறும் ஒரே விதம்: மணிக்கட்டில் மாட்ட வேண்டிய கயிற்றை மாட்டாமல் வீசி, கைப்பிடி பறந்து போய்க் கண்ணாடியில் விழுந்தது. ஆறாவது டிவியோடு வந்த பெரியவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

“பந்து உருட்டுற ஆட்டத்துல பந்த விடச் சொல்லிச்சு, விட்டேன்” என்றார்.

“பந்ததாங்க விடணும். கைப்பிடிய விடக்கூடாது.”

“பந்து என் கையில இல்லியே. கையில இருந்தத விட்டேன்.”

நான் பில்லை எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கைப்பிடியில் இரண்டு வித்தைகள் உண்டு. இந்தக் கதைக்கு அவை தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வீச்சை உணர்வது. அது உள்ளேயே இருக்கும் ஒரு சிப்பின் வேலை. இன்னொன்று, திரையில் குறிவைப்பது. கைப்பிடியை நீட்டினால் திரையில் ஓர் அம்பு நகரும்; அதை வைத்துத்தான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு டிவிக்குக் கீழே ஒரு சிறிய பட்டை வைப்பார்கள். அந்தப் பட்டையின் இரண்டு முனைகளிலிருந்தும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி வரும். கைப்பிடியின் மூக்கில் உள்ள சின்னக் கேமரா அந்த இரண்டு ஒளிப் புள்ளிகளைப் பார்த்து, தான் எங்கே நீட்டப்படுகிறது என்று கணக்குப் போடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் விளக்கியிருக்கிறேன். தெரிந்ததால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை என்பதுதான் கதை.

டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே துரையாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. தோட்டத்து மேனேஜரைத் துரை என்பதுபோல அவர் மனைவியைத் துரைசாணி என்பார்கள். அந்த அம்மாதான் முதலில் கைப்பிடியைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வயது மகள் ஆரணி கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“பாஸ், இது பேய் பிடிச்ச மாதிரித் துள்ளுது. என்னெண்டு ஒருக்கால் பாருங்கோ” என்றார் துரைசாணி. எங்கள் ஊரில் கைத்தொழில்காரர் எல்லோரும் பாஸ்தான்.

ஆரணி கூட வந்திருந்தாள். “டென்னிஸ் எல்லாம் நல்லா வேலை செய்யுது அங்கிள். அம்பு மட்டுந்தான் துள்ளுது” என்றாள்.

நான் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். இதோ இருக்கிறது, என் கையெழுத்துத்தான்: ‘வீச்சு சரி. அம்பு மட்டும்.’ எழுதியதோடு சரி. எழுதினால் யோசித்ததாக ஆகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

கழற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடை டிவியில் மாட்டி இருநூறு தடவை குறிவைத்தேன். இருநூறும் சரி. ஒரு மூலையில் மட்டும் சிறிய கீறல் இருந்தது. துரைசாணி அதைப் பார்த்து, “விழுந்திருக்குதோ?” என்று கேட்டார்.

பழுதைக் கண்டுபிடிக்க முடியாத திருத்துநர் எதையாவது சொல்லத் துடிப்பார். உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். “ஆமாங்க, எங்கேயோ விழுந்திருக்கு” என்றேன்.

கைப்பிடி திரும்பிப் போனது. நாலு நாளில் திரும்பி வந்தது. கடையில் நன்றாக வேலை செய்தது, துரையின் பங்களாவில் துள்ளியது. மறுபடி போனது, மறுபடி வந்தது. நானே ஒரு தடவை காலைப் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்தேன். பத்து மணிக்குப் பங்களா ஹோலில் எல்லாவற்றையும் மாட்டி ஐம்பது தடவை குறிவைத்தேன். ஐம்பதும் சரி. டிவி, வெள்ளைக்காரர் காலத்துக் கணப்புக்கு மேலே சுவரில் இருந்த தட்டில் இருந்தது. குளிர்காய ஹோலுக்குள்ளேயே விறகு எரிக்க சுவரில் அமைத்த பெரிய மாடம், அதுதான் கணப்பு. என் கருவிப் பையை அதன் விளிம்பில்தான் வைத்தேன். பையில் சாம்பல் ஒட்டியது என்று எரிச்சல்பட்டதும் நினைவிருக்கிறது. அதற்கு மேல் அதை நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் நெருப்பு சமையலறையில் இருக்கும். வேறு எங்கேயாவது இருந்தால் தண்ணீர் ஊற்றுவோம்.

அன்று எனக்குத் தேநீர் கொண்டுவந்தவர் அந்தப் பங்களாவின் அப்பு வேலாயுதம். பங்களாவில் சமையலையும் வீட்டு மேற்பார்வையையும் பார்க்கிறவரை அப்பு என்பார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோப்பையைத் தட்டில் வைத்தபோது சத்தமே வரவில்லை.

அன்றுதான் என் பெரிய யோசனை பிறந்தது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு ஒரு தாள் தயாரித்தேன். திகதி, நேரம், என்ன நடந்தது, அறையில் யார் இருந்தார்கள். நாலு பத்தி. ஆரணியிடம் கொடுத்து, “பதினாலு நாளுக்கு ஒவ்வொரு நாளும் நிரப்பும்மா” என்றேன். பகலில் அவளுக்கு டியூஷன். மாலை ஆறு மணிக்கு மேல்தான் விளையாட அனுமதி. நாலாவது பத்தியை ஏன் போட்டேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். மூன்று பத்தியோடு தாளில் இடம் மிஞ்சியது. அவ்வளவுதான் காரணம்.

பதினைந்தாம் நாள் திங்கட்கிழமை. துரைசாணி தாளோடும் கைப்பிடியோடும் கடைக்கு வந்தார். பிள்ளை அழகாக நிரப்பியிருந்தாள். பதினாலு மாலைகளில் பன்னிரண்டில் அம்பு துள்ளியிருந்தது. இரண்டில் துள்ளவில்லை, அந்த இரண்டும் ஞாயிறு. நாலாவது பத்தியில் அம்மா, அப்பா, ஆரணி என்று பதினாலு நாளும் ஒரே பெயர்கள். துள்ளிய பன்னிரண்டு மாலைகளிலும் நாலாவதாக ஒரு பெயர்: அப்பு. ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள்.

“பாத்தீங்களோ?” என்றார் துரைசாணி. “பின்னேரத்தில ஹோலைத் துப்பரவாக்க வாறவர் அவர்தான். ஈரத் துணியால துடைச்சிருப்பார், இல்லாட்டி விழுத்தியிருப்பார். கேட்டா நான் தொடவே இல்லை எண்டு சொல்றார்.”

எனக்கு அந்த நேரம் மனிதர் யாரும் நினைவில் இல்லை. என் தாள் வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷம்தான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இவ்வளவு சுத்தமான கணக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. “ஈரம் பட்டா இப்படித்தாங்க செய்யும். ராத்திரில காஞ்சுரும், பகல்ல சரியாயிரும்” என்றேன். கைப்பிடியை நன்றாகக் காயவைத்துத் தருவதாக வாங்கி வைத்துக்கொண்டேன். தாளைத் துரைக்குக் காட்டவென்று துரைசாணி திரும்பக் கொண்டுபோனார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேலாயுதம் கடை வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது, சட்டையில் இல்லை.

“வேலையா இருக்கீங்களா ஐயா?”

“இல்ல, சொல்லுங்க.”

“அந்தக் கைப்பிடிய நான் விழுத்தலீங்க. ஈரத் துணியிலயும் துடைக்கல. அது ஆரணி சின்னம்மா சாமான், நான் தொடுறதில்ல. இத உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“துரைகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேங்க. துரை சொல்றாரு, விழுந்தது பெருசில்லையாம், பொய் சொல்றதுதான் பெருசாம். சனிக்கிழமைக்குள்ள ஒத்துக்கிட்டா விட்டுர்றேன்னாரு. ஒத்துக்கிறதுக்கு ஏதாச்சும் செஞ்சிருக்கணுமில்லீங்களா?”

“சனிக்கிழமை நேத்தே போயிருச்சே.”

“ஆமாங்க. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு.”

பெரட்டு என்பது விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அங்கே போனால் மண்வெட்டியோடு மலைக்கு அனுப்புவார்கள். பங்களாவுக்குப் பின்னால் அவர் மனைவியோடு இருந்த அறையையும் விட வேண்டும். ஐம்பத்தைந்து வயதில், பொய்யன் என்ற பெயரோடு, நேற்றுவரை அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்த, அங்கே வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளை முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

நான் தாளைப் பற்றி ஏதோ சொல்லப் போனேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று தொடங்கினேன்.

“எனக்கு அந்தக் கணக்கு தெரியாதுங்க” என்றார். “எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான். அந்தப் பங்களாவுல இருபத்தாறு வருசம். அஞ்சு துரை. நான் விழுத்தி ஒடைச்சது ரெண்டு கோப்பை. ரெண்டையும் அவங்க கேக்குறதுக்கு முன்ன நானே போய் சொல்லியிருக்கேன்.”

நான் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். இருபத்தாறு வருடத்தில் உடைத்த கோப்பைகளை எண்ணி வைத்திருக்கிற மனிதர். என் இனம். இப்படிப்பட்டவர் மூன்றாவதை மறைக்க மாட்டார். மறைத்தால் எண்ணிக்கை கெட்டுவிடும்.

கடையின் பின்புறம்தான் எங்கள் வீடு. தேநீர் கொண்டுவந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள்.

“ஏங்க, ஞாயித்துக்கிழமை அங்க இந்த அண்ணன் மட்டுந்தான் இல்லையா? வேற ஒண்ணும் கொறையாம இருந்துச்சா?” என்றாள்.

“வேறென்ன குறையும்?”

“என்னக் கேட்டா? எண்ணுறது நீங்க. போய் எண்ணிப் பாருங்க.”

மூன்று மணிப் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம். மனைவி என் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றி, சட்டைப் பையில் தைலப் புட்டியைத் திணித்து அனுப்பினாள். எனக்கு நெஞ்சுச் சளி என்றால் பயம். அதைவிட, வரப்போகிற சளி என்றால் அதிகப் பயம். வழியில் நான் வளைவுகளை எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. முன்பு போனபோது நூற்று நாற்பத்தொன்று. இந்த இரண்டு வளைவுகள் எங்கிருந்து வந்தன என்று வேலாயுதத்திடம் கேட்டேன்.

“நீங்க தூங்கியிருப்பீங்க ஐயா, போன தடவ” என்றார்.

ஆறு மணிக்குப் பங்களாவுக்குள் நுழைந்தோம். வெளியே மழைத்தூறல், உள்ளே அதைவிடக் குளிர். துரை கம்பளிச் சட்டையில் இருந்தார். துரைசாணி முழங்காலுக்குப் போர்வை போட்டிருந்தார். ஆரணி போர்வைக்குள் முழுவதுமாக மறைந்து மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்தாள்.

“ஞாயிறு எண்டா இப்பிடித்தான் விறைச்சுப் போய் இருப்பம்” என்றார் துரைசாணி. “இருங்கோ பாஸ்.”

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்து, அப்படியே கீழே போய்விட்டது.

நான் பையிலிருந்து கைப்பிடியை எடுத்தேன். வேலாயுதத்தை ஹோலுக்குள் நிற்கச் சொன்னேன். அவர் அறையில் இருந்தும் அம்பு துள்ளவில்லை என்றால் என் தாள் பிழை என்று ஆகும் அல்லவா? ஆரணி ஐம்பது தடவை குறிவைத்தாள். அம்பு நூல் பிடித்தது போல நின்றது.

“பாருங்க துரை. இவரு இங்கதான் நிக்கிறாரு. துள்ளல.”

துரை சிரித்தார். “பாஸ், நீங்கள் ஒரு கிழமை வைச்சுக் காயவைச்சுத் திருத்திக் கொண்டு வந்திருக்கிறியள். இனி ஏன் துள்ளப் போகுது? நல்ல வேலை. ஆனா அதுக்கும் இவர் சொன்ன பொய்க்கும் என்ன சம்பந்தம்?”

அவர் சொன்னது நியாயம். கைப்பிடி நன்றாக வேலை செய்யச் செய்ய, வேலாயுதத்தின் குற்றம் உறுதியாகிக்கொண்டே போனது. முப்பத்தொரு வருடத் தொழிலில் அன்று ஒரு நாள்தான், ஒரு சாமான் பழுதாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலைப் பெரட்டுக்குப் பதினொரு மணிநேரம் இருந்தது.

மஃப்ளரை இறுக்கினேன். இரண்டு தடவை இருமினேன்; ஒன்று நிஜம்.

“உங்களுக்குக் குளிருது போல” என்றார் துரைசாணி. பழக்கத்தில் திரும்பி, “அப்பு, அந்த நெருப்பை ஒருக்கால்...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்கம்மா” என்றார் வேலாயுதம், கையைக் கட்டிக்கொண்டு, மிக மரியாதையாக.

துரைசாணி போர்வையை இழுத்துக்கொண்டார். எனக்கோ நெஞ்சு கரகரத்தது. “நான் மூட்டலாங்களா துரை? எனக்கு நெஞ்சுக்கு ஆகாது” என்றேன். துரைக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். மூட்டுங்கள் என்று கையைக் காட்டினார்.

கணப்பின் பக்கத்துப் பெட்டியில் மிலாறு இருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிகள். அடுக்கி, காகிதம் வைத்து, ஐந்து தீக்குச்சி செலவழித்து மூட்டினேன். வேலாயுதம் ஒரு தடவைகூட உதவிக்கு வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். மிலாறு படபடவென்று பிடித்துக்கொண்டது. நான் குனிந்து கைகளை நெருப்பில் காட்டினேன்.

“அங்கிள்” என்றாள் ஆரணி. “திரும்ப வந்திட்டுது.”

திரையில் அம்பு வெட்டுக்கிளி போலத் துள்ளிக்கொண்டிருந்தது.

துரையும் துரைசாணியும் ஒன்றாகத் திரும்பி வேலாயுதத்தைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, நானும் பார்த்தேன். அவர் கைப்பிடியிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றார்.

“நான் இங்கயே நிக்கிறேங்க” என்றார்.

அப்போதுதான் நான் நெருப்பைப் பார்த்தேன். பிறகு அதன் மேலே டிவியைப் பார்த்தேன். டிவிக்குக் கீழே பட்டை, பட்டைக்குக் கீழே கொழுந்துவிட்டு எரிகிற மிலாறு. கைப்பிடியின் மூக்குக் கேமரா இரண்டு ஒளிப் புள்ளிகளைத் தேடுகிறது. நெருப்பிலிருந்தும் அதே ஒளிதான் வருகிறது, இரண்டு இடத்திலிருந்து அல்ல, இருபது இடத்திலிருந்து. பாவம், அது எதைப் பார்த்துக் கணக்குப் போடும்? வீச்சுக்கு அந்தக் கேமரா தேவையில்லை. அதனால் டென்னிஸ் கெடவில்லை. பிள்ளை முதல் நாளே சொன்னாள். நான் எழுதியும் வைத்தேன்.

நெருப்பு மூட்டுவது அப்புவின் வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பு இல்லை, நெருப்பும் இல்லை.

“வேலாயுதம், பெரிய தட்டம் ஏதாச்சும் இருக்கா?”

அவர் உள்ளே போய்த் தேநீர் பரிமாறுகிற பெரிய பித்தளைத் தட்டத்தைக் கொண்டுவந்தார். அதைக் கணப்புக்கு முன்னால் மறைத்துப் பிடித்தேன். அம்பு நின்றது. எடுத்தேன், துள்ளியது. மறைத்தேன், நின்றது. மூன்று தடவை செய்தேன். மூன்றாவது தடவை தட்டம் சுட்டு விரலைப் பொசுக்கியது. அது எனக்குச் சரிதான்.

துரை எழுந்து வந்து, தானே ஒரு தடவை செய்து பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு மேசையிலிருந்து என் தாளை எடுத்தார்.

“அப்ப இது? பன்னிரண்டு நாளும் அவர் இருந்தார் எண்டு உங்கட பேப்பர்தானே பாஸ் சொல்லுது?”

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிள்ளை சரியாக நிரப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். அல்லது நெருப்புச் சூட்டில் பட்டை பழுதாகிறது, ஈரமும் ஒரு காரணம் என்று பாதிப் பாதியாக மழுப்பியிருக்கலாம். அந்தத் தோட்டத்து ரேடியோ, ஒலிபெருக்கி எல்லாம் என் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. பாதியை ஒப்புக்கொண்டிருந்தால் என் பெயர் பிழைத்திருக்கும். வேலாயுதத்தின் பெயரில் பாதி போயிருக்கும். பாதிப் பொய்யன் என்று ஒருவரை எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

“பேப்பர் சொன்னது சரிதாங்க துரை” என்றேன். “கேள்விதான் பிழை. அறையில யாரு இருந்தாங்கன்னு கேட்டு எழுதச் சொன்னது நான். அறையில என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல. விழுந்திருக்குன்னு சொன்னதும் நான், ஈரம்னு சொன்னதும் நான். ரெண்டும் எனக்குத் தெரியாம சொன்னது. இவரு முதல்லருந்து உண்மையத்தான் சொல்லியிருக்காரு. பிழை என்னோடது.”

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. இது நெஞ்சுச் சளியா என்று யோசித்தேன். இல்லை.

துரை தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார். ஒரு ஆளைப் பொய்யன் என்று சொன்னதைத் திரும்பப் பெறுவது துரைமாருக்குப் பழக்கமான வேலை அல்ல. ஆனால் செய்தார்.

“வேலாயுதம், நீர் பொய் சொல்லேல்லை. நான்தான் கேக்கேல்லை. நாளைக்குப் பெரட்டுக்குப் போக வேண்டாம். இஞ்ச வாரும்.”

“சரிங்க துரை.”

துரைசாணி முகத்தைத் திருப்பாமலே, “விறகு வேற முடிஞ்சு போச்சு அப்பு” என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அது.

“நாளைக்கு எடுத்து வைக்கிறேங்கம்மா. இன்னைக்கு லீவு.”

ஆரணி போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, தாளை அப்பாவின் கையிலிருந்து வாங்கினாள். பதினாலாவது வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டாள். நேரம் எழுதினாள். ‘அம்பு துள்ளியது’ என்று எழுதினாள். நாலாவது பத்திக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

“அறையில ஆர் இருந்தவை எண்டு எழுத, அங்கிள்?”

“நெருப்புன்னு எழுதும்மா.”

எழுதினாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துக் குறிப்புப் புத்தகத்தில் வைத்தேன். பல வருடம் மேசைக் காலுக்கு அடியில் இருந்ததில் நடுவில் ஒரு குழி விழுந்திருக்கிறது. மற்றபடி எல்லா எழுத்தும் படிக்க முடிகிறது. உங்களில் யாருக்காவது பார்க்க விருப்பம் என்றால் காட்டுகிறேன். தருவதற்கில்லை.

ஹட்டனுக்குத் திரும்ப அன்று பஸ் இல்லை. வேலாயுதத்தின் அறையில் படுத்தேன். அவர் மனைவி எனக்கு இரண்டு கம்பளி கொடுத்தார். மூன்றாவது கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற சங்கு தோட்டம் முழுக்க ஊதியது. எழுந்து பார்த்தேன், அவர் பாய் சுருட்டியிருந்தது. பெரட்டுக்குத்தான் போய்விட்டாரோ? செருப்பைக்கூட மாட்டாமல் பங்களாவின் பின் வாசலால் ஹோலுக்குள் ஓடினேன்.

வேலாயுதம் கணப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தகட்டில் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்ற மேசையும் தயாராக நின்றது. வெளியே சங்கு இரண்டாம் தடவை ஊதியது. அவர் தலையைத் தூக்கவில்லை.

“ஐயா, நேத்து எத்தனை குச்சி செலவழிச்சீங்க?” என்றார்.

“அஞ்சு. எண்ணினேன்.”

அவர் சாம்பலிலிருந்து பொறுக்கி வைத்திருந்த கருகிய தீக்குச்சிகளைக் கணப்பின் விளிம்பில், என் கண் முன்னால், ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். ஏழு.